பிந்திய பில்லுக்கு மேலதிகக் கட்டணம்: எப்போது கேட்கலாம், எப்படிக் கேட்பது

கொழும்பு புறக்கோட்டையில் பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தால், நாம் கேட்காமலே அடியில் ஒரு வரி சேர்ந்து வருவதுண்டு: "உரிய திகதிக்குள் செலுத்தப்படாத தொகைக்கு மாதம் 3 வீத வட்டி அறவிடப்படும்." பக்கத்துக் கடையின் பில்லில் இருந்த வரி நம்முடைய பில்லிலும் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். பல ஆண்டுகளாகச் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரியை நம்பிக் கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர், அதன்படி ஒரு ரூபாயைக்கூட வட்டியாகப் பெற்றதில்லை.

காரணம் எளிது. மேலதிகக் கட்டணம் என்பது ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை; ஆகவே ஒப்பந்தம் உருவாகும்போதே அது அங்கே இருந்திருக்க வேண்டும். நம்மிடையே நடப்பது என்ன? வாங்குபவர் தொலைபேசியில் அழைத்து, சரக்கின் விலையையும் அளவையும் பேசி, "முப்பது நாள் தவணை" என்று முடிவு செய்கிறார். அன்று மாலை நாட்டாமி மூட்டைகளை இறக்கி வைக்க, அங்கே நிற்கும் கடைப் பையன் மஞ்சள் பிரதியில் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுக்கிறான். விலையும் தவணையும் தொலைபேசியிலேயே முடிந்துவிட்ட நிலையில், பில்லின் அடிவரி பிறகு வந்து சேர்ந்த ஒருதலைப்பட்சமான அறிவிப்பாகவே நிற்கிறது. பையனின் கையெழுத்து சரக்கு வந்து சேர்ந்ததற்குச் சான்று. முதலாளி வட்டிக்குச் சம்மதித்ததற்குச் சான்றாக அதைக் காட்டுவது கடினம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதே வாடிக்கையாளர் அதே வாசகம் கொண்ட பில்களை நீண்ட காலமாக மறுப்பின்றி ஏற்று, ஓரிரு தடவையாவது பிந்திய கட்டணத்தைச் செலுத்தியும் இருந்தால், அது இருவருக்கும் இடையிலான வழமையான நிபந்தனை என்று வாதிடலாம். ஆனால் வாதிடலாம் என்பது வேறு, கையில் எழுத்து இருப்பது வேறு.

எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் வட்டியே கிடையாது என்றும் எண்ணிவிட வேண்டாம். செலுத்த வேண்டிய நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்த நாள் கடந்தவுடனும், குறிக்கப்படாவிட்டால் முறைப்படி கோரிக்கை விடுத்து நியாயமான அவகாசம் முடிந்தபின்னும், கடனாளி தவறியவர் ஆகிறார். வழக்கு மாவட்ட நீதிமன்றத்திற்குப் போகுமானால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 192 ஆம் பிரிவு, ஒப்புக்கொண்ட வட்டிவீதம் இருந்தால் அதன்படியும், இல்லையேல் சட்ட வட்டிவீதத்தின்படியும், வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து தீர்ப்பாணை வரையும் அதன் பின் பணம் செலுத்தப்படும் வரையும் வட்டி வழங்க நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. அந்தச் சட்ட வட்டிவீதத்தை இலங்கை மத்திய வங்கி ஆண்டுதோறும் நிர்ணயித்து வர்த்தமானியில் வெளியிடுகிறது. வழக்குத் தாக்கல் செய்யும் முன் அந்த ஆண்டின் வீதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வழக்கேடுகளில் காணும் 12 வீதத்தை அப்படியே பிரதி செய்வது தவறு.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, தவணைக்குச் சரக்குக் கொடுக்கும் முன் ஒரு பக்கக் கடன் கணக்குப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதாகும். வியாபாரம் பதிவு செய்யப்பட்ட பெயர், தனியுரிமையா, பங்குடைமையா, கம்பனியா என்ற விபரம், கையொப்பமிடுபவர் எந்தத் தகைமையில் இடுகிறார் என்பது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். கம்பனி என்றால் பணிப்பாளர் ஒருவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். களஞ்சியப் பொறுப்பாளரின் கையொப்பத்தோடு திருப்தியடைய வேண்டாம். வெள்ளவத்தையில் தமிழில் பேசி வியாபாரம் செய்யும் ஒருவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டுவதும் வீண் வம்பு. அவர் வாசித்து விளங்கிக் கையொப்பமிடும் மொழியிலேயே படிவம் இருக்கட்டும். கட்டண நிபந்தனையை ஏறத்தாழ இப்படி எழுதலாம்: "பில் திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்தப்படாத மீதித் தொகைக்கு, 31 ஆம் நாள் முதல் செலுத்தும் நாள் வரை, ஆண்டுக்கு 24 வீதம் தனிவட்டி நாட்கணக்கில் சேரும். பகுதியாகச் செலுத்தப்படும் தொகை முதலில் வட்டிக்கும் பின்னர் முதலுக்கும் ஈடு செய்யப்படும்." பில் திகதியா, சரக்குக் கிடைத்த திகதியா என்பதைத் தெளிவாகச் சொல்லாததால் எழும் சச்சரவுகளே நான் பார்த்தவற்றில் அதிகம். மின்னஞ்சலில் படிவத்தை அனுப்பிச் சம்மதம் பெறுவதும் செல்லும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம் என்பது அடுத்த கேள்வி. ரூபா 480,000 பில் ஒன்று 47 நாட்கள் பிந்தியது என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 வீதம் என்றால் 480,000 ஐ 0.24 ஆல் பெருக்க 115,200 வரும். அதை 47 ஆல் பெருக்கி 365 ஆல் வகுத்தால் ரூபா 14,833.97. இந்தத் தொகைக்கு ஒரு நியாயம் சொல்ல முடியும்: அந்த 47 நாட்களும் நீங்கள் வங்கி மேலதிகப்பற்றில் இருந்திருப்பீர்கள், உங்கள் இறக்குமதியாளருக்குப் பதில் சொல்லியிருப்பீர்கள். மாறாக, "ஒரு நாள் பிந்தினாலும் பில் தொகையில் 10 வீதம்" என்று எழுதினால், ஒரே நாளுக்கு ரூபா 48,000 கேட்க வேண்டிவரும். ஏற்பட்ட நட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஆளைப் பயமுறுத்துவதற்கென்றே வைத்த தண்டத் தொகையாக அதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி காட்டுவார். அப்படித் தோன்றும் தொகையை நீதிமன்றம் முழுமையாக வழங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கையொப்பம் இருந்தாலும் நிலைமை இதுதான். வட்டிக்கு வட்டி போடுவதையும் தவிர்ப்பது நல்லது.

எந்த வீதத்தில் எழுதினாலும் ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. இன்றும் நடைமுறையிலுள்ள 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அறவிடக்கூடிய வட்டி முதலை மிஞ்சக்கூடாது. ரூபா 100,000 கடனுக்கு எத்தனை ஆண்டு சென்றாலும் ரூபா 100,000 க்கு மேல் வட்டி கேட்க முடியாது. வங்கிகள் போன்ற கடன் வழங்கும் நிறுவனங்களுக்கு 1990 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அவை நடத்தும் வழக்குகளை உதாரணமாகக் கொண்டு கடைக்கடனைக் கணக்கிட வேண்டாம்.

நிபந்தனை எழுதிய பிறகு அதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும். மாதம் முடிந்ததும் கணக்குக்கூற்றை அனுப்பி, வட்டியைத் தனி வரியில் காட்டுங்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு சதமும் கேட்காமல் இருந்துவிட்டு, உறவு முறிந்த நாளில் மொத்தமாகக் கணக்குப் போட்டு நீட்டினால், நீங்களே அந்த உரிமையைக் கைவிட்டீர்கள் என்ற பதில் வரும். ஒரு மாதம் விட்டுக்கொடுக்க விரும்பினால், "இத்தடவை மட்டும்" என்று எழுதி விட்டுக்கொடுங்கள்.

பலரும் அறியாத, ஆனால் எல்லாவற்றிலும் ஆபத்தான விடயம் கால எல்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடர ஆறு ஆண்டுகளும், எழுத்தில் இல்லாததற்கு மூன்று ஆண்டுகளும் உண்டு. ஆனால் விற்றுக் கொடுத்த சரக்கின் விலை, கடைப் பில், புத்தகக் கடன், செய்த வேலைக்கான கூலி ஆகியவற்றுக்கு, கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரே ஒரு ஆண்டுதான். பில்லைத் தவிர வேறெதுவும் இல்லாதவர் பதினான்காம் மாதத்தில் சட்டத்தரணியிடம் போனால், வட்டி இருக்கட்டும், முதலே போய்விடக்கூடும். கடனாளி கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, பகுதிப் பணம் செலுத்தினாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கும். "அடுத்த மாதம் தாறன் அண்ணை" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஆகவே ஆண்டுக்கொரு தடவையாவது மீதித் தொகையை உறுதிப்படுத்தும் கடிதத்தில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

நாளிட்ட காசோலையை வாங்கி வைப்பவர்களின் நிலை சற்று மேலானது. காசோலை திரும்பினால், அதை வைத்தே சுருக்க நடவடிக்கைமுறையில் (வழக்கை விரைவாக முடிக்கும் முறையில்) வழக்குத் தொடரலாம், வட்டியும் கேட்கலாம். திரும்பிய காசோலையையும் வங்கி இணைத்த துண்டையும் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

வழக்கிற்கு முன் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பப்பட வேண்டும். பில் இலக்கங்கள், திகதிகள், முதல், வட்டி கணக்கிட்ட விதம், செலுத்த வேண்டிய இறுதி நாள் ஆகியவற்றை அதில் தனித்தனியாகக் காட்டுங்கள். முதலையும் வட்டியையும் கலந்து ஒரே தொகையாக எழுதினால், வட்டியில் வரும் பிணக்கு முதலையும் பிடித்து இழுத்துவிடும். குறைந்த தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டியவை. அங்கே இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு ஏற்கப்படாது.

தண்டம் என்ற சொல்லே வாடிக்கையாளரை முறைக்க வைக்கும் என்று அஞ்சுபவர்கள், கொழும்பு மாநகர சபை செய்வதைப் பார்க்கலாம். ஆண்டின் சோலைவரி (ஆதன வரி) முழுவதையும் ஜனவரி 31 க்குள் செலுத்துபவருக்கு அது 10 வீதக் கழிவு தருகிறது. நீங்களும் விலையைச் சற்றுக் கூட்டி வைத்து, உரிய நாளுக்குள் செலுத்தினால் 2 வீதக் கழிவு என்று எழுதலாம். பிந்தியவர் கழிவை இழக்கிறாரே தவிர, அவரிடம் மேலதிகமாக எதையும் அறவிட வேண்டியதில்லை.

மத்தியஸ்த சபையில் உட்காரும்போது, வட்டியை விட்டால் முதலைத் தருவதாக எதிரே இருப்பவர் சொல்வார். முதல் உடனே கிடைக்குமானால் பெரும்பாலும் ஏற்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. தவணையில் தருவதாகச் சொன்னால் மட்டும், ஒரு தவணை தவறினாலும் விட்டுக்கொடுத்த வட்டி மீண்டும் சேரும் என்ற வாசகத்தை உடன்படிக்கையில் எழுதுவித்த பிறகே கையொப்பமிடுங்கள்.