நாய்க்கு முகம் திடீரென வீங்கினால்

தேனீயோ குளவியோ கொட்டிய பிறகும், தடுப்பூசி போட்ட பிறகும், புது மருந்து கொடுத்த பிறகும் நாயைக் கொஞ்ச நேரம் கண்ணிலேயே வைத்திருங்கள். கண்ணைச் சுற்றியோ உதட்டிலோ வீக்கம், திட்டுத் திட்டாகத் தூக்கி நிற்கும் ரோமம், முகத்தைத் தரையில் தேய்ப்பது எல்லாம் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது வயிற்றைத்தான். கடும் ஒவ்வாமை நாய்களின் கல்லீரலையும் குடலையும் அதிகம் தாக்கும். அதனால் தோலில் எதுவுமே தெரியாமல் திடீர் வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்றுகூடத் தொடங்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள் (ஈறே கறுப்பாக உள்ள நாய் என்றால் கீழ் இமையின் உட்புறத்தை). வெளிறியிருந்தாலோ, மூச்சு திணறினாலோ, சுருண்டு விழுந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். போகும் வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.

கொடுக்கு தெரிந்தால் சட்டென்று சுரண்டி எடுத்துவிடுங்கள். நாம் சாப்பிடும் அலர்ஜி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் சூடோஎபெட்ரின் (மூக்கடைப்புக்கான மருந்து), பாரசிட்டமால் கலந்திருக்கும். இரண்டுமே நாய்க்கு ஆபத்து.

வாரக்கணக்கில் பாதத்தை நக்குவதும் காது அடிக்கடி புண்ணாவதும்கூட ஒவ்வாமையாக இருக்கலாம், ஆனால் இந்த அளவு அவசரமில்லை. ஆனாலும் காட்டிவிடுங்கள்.

அப்புறம், வீக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள். எந்தத் தடுப்பூசிக்குப் பிறகு வந்தது என்று குறித்து, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.