ஸ்விஃப்டில் காயில்ஓவர் மாட்டுவது: தாழ்த்துவதற்கு அல்ல, ஒழுங்காக ஓடுவதற்கு

உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்தான் காயில்ஓவர். அதைச் சொன்னதும் வண்டியைத் தரையோடு ஒட்டவைப்பதுதான் பலருக்கு நினைவு வரும். என் கணக்கு வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ஷாக் அப்சார்பர் தளர்ந்த ஸ்விஃப்ட் அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும். அந்த ஆட்டம் நிற்க வேண்டும், ஆனால் ஊருக்குள் வேகத்தடையில் வயிறு இடிக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் உயரத்தையும் டாம்பிங்கையும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்கும் அளவு) தனித்தனியாக மாற்றக்கூடிய செட் தேவை. இந்தப் பதிவு 2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்டை வைத்து எழுதியது. முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்திரம்) உள்ள எந்தச் சின்ன காருக்கும் ஏறக்குறைய இதே வேலைதான்.

பணம் கட்டுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதனால் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே போன்ற டிராக்கில் மட்டும் ஓட்டப்போகும் வண்டி என்றால் அது தனிக் கணக்கு.

எதை வாங்குவது

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிரிங் ரேட். கிலோ/மி.மீ. என்று போட்டிருப்பார்கள். 4 கிலோ என்றால், 4 கிலோ எடை ஏற்றினால் ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கும். சின்ன கார்களில் கம்பெனி ஸ்பிரிங் பெரும்பாலும் 2 அல்லது 2.5-ஐ ஒட்டி இருக்கும். நம் சாலைக்கு முன்னால் 4-க்கு மேல் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. 6, 7 என்று டிராக் செட்டை எடுத்து ஊருக்குள் ஓட்டினால், டயர் சாலையைத் தொடுவதை விடக் குதிப்பதுதான் அதிகம். குதிக்கிற டயருக்குப் பிடிப்பு ஏது?

அடுத்தது உயரம் மாற்றும் முறை. கேடபிள்யூ வேரியன்ட் 1 போன்றவற்றில் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள வளையத்தைத் திருகித்தான் உயரத்தை மாற்ற வேண்டும். டெயின் ஃபிளெக்ஸ் இசட், பிசி ரேசிங் பிஆர் போன்றவற்றில் அடி பிராக்கெட்டே மரையில் ஏறி இறங்கும். எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். ஏன் என்று கீழே வருகிறது. டாம்பிங் டெயினில் 16 படி, பிசியில் 30 படி. படி எத்தனை என்பதைப் பார்த்து வாங்காதீர்கள், சீல் பழுதானால் என்ன வழி என்று கேட்டு வாங்குங்கள். டெயின் ஃபிளெக்ஸ் இசட் சீல் செய்த வகை. அதைப் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது, அந்த ஒன்றை மாற்ற வேண்டியதுதான்.

கருவிகளில் ஒன்றுக்குத்தான் பணம் செலவு செய்வேன் என்றால் அது டார்க் ரெஞ்ச், அதாவது சொன்ன அளவு இறுக்கத்தில் நிறுத்த உதவும் ஸ்பேனர். ஸ்பேனர்களுக்கு டபாரியா ரிங் செட் தாராளமாகப் போதும். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரை இந்த வேலைக்குக் கிட்டவே கொண்டுவராதீர்கள், போல்ட் தலை வழுக்கிப்போகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைக்கக் கூடாது. நல்ல ஜாக் ஸ்டாண்டு இரண்டு கட்டாயம்.

முன்பக்கம்

முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். காலையில் சக்கரத்தைக் கழற்றும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தின் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் ஓரம் வரை, நான்கு பக்கமும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றைப் பொறுத்து அளவு மாறும், மையத்திலிருந்து அளந்தால் மாறாது. இந்த நான்கு எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். கடைசி வரை தேவைப்படும்.

பிறகு பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் வயர், லிங்க் ராடு (ஸ்ட்ரட்டை ஆன்டி-ரோல் பாரோடு, அதாவது வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியோடு, இணைக்கும் சின்னக் கம்பி) மேல் நட், நக்கிளில் (சக்கரம் பொருந்தும் இரும்புப் பகுதி) உள்ள இரண்டு பெரிய போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். லிங்க் ராடு நட் திருகும்போது உள்ளே உள்ள பந்தும் சேர்ந்து சுற்றும். நடுவில் எல்-கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு திருகினால் வந்துவிடும். நக்கிள் போல்ட்டுகள் வெளியே வந்ததும் நக்கிள் அப்படியே வெளிப்பக்கம் சாயும். கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். விட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டு வரும், கிரீஸ் எல்லாம் தரையில். கடைசியாக மேல் நட்.

செட்டோடு மேல் மவுன்ட் வந்திருந்தால் பழைய ஸ்ட்ரட்டை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். வரவில்லை என்றால் பழையதைப் பிரித்து மவுன்டையும் பேரிங்கையும் எடுக்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங் கம்பிரசர் வேண்டும். முதன்முதலாகச் செய்பவர்கள் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துச் செய்யுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கையும் முகமும் தாங்காது. புதியதை மாட்டும்போது மேல் நட்டுக்கு ஏர் கன் வேண்டாம். ஷாஃப்டை எல்-கீயால் பிடித்து, கையால் இறுக்குங்கள். பளபளக்கும் ஷாஃப்டைக் குறடால் பிடித்துக் கீறல் விழுந்தால், அந்தக் கீறல் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலைச் சுரண்டும்.

உயரமும் ஸ்பிரிங் வளையமும்

என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்த இடம் இது. கையேட்டில் ஒரே ஒரு படம் போட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பிரிங் வளையத்தை மேலே திருகினால் வண்டி கடினமாகும் என்று பலரும் சொல்வார்கள். ஆகாது. கணக்கைப் பாருங்கள். ஒரு முன் ஸ்பிரிங் மேல் 240 கிலோ நிற்கிறது, ஸ்பிரிங் 4 கிலோ/மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி இறங்கி நிற்கும்போது ஸ்பிரிங் 60 மி.மீ. அமுங்கியிருக்கும். வளையத்தை 10 மி.மீ. இறுக்கி மாட்டினாலும், 240 கிலோவைத் தாங்க அதே 60 மி.மீ. அமுங்கினால் போதும். அதில் 10 மி.மீ. ஏற்கெனவே அமுங்கிவிட்டது, இனி 50 மி.மீ.தான். வண்டி 10 மி.மீ. உயரும். ஸ்பிரிங் அதே 4 கிலோ ஸ்பிரிங்தான். மாறியது என்னவென்றால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இருந்த 60 மி.மீ. இடம் 50 ஆகிவிட்டது. பள்ளமான சாலையில் டயர் தரையைத் தொடாமல் விடுவதற்கு இதுவே காரணம்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. வண்டியைத் தாழ்த்த வளையத்தை இறக்கிக்கொண்டே போனால், ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடும். அடுத்த பள்ளத்தில் ஸ்பிரிங் தன் இடத்திலிருந்து விலகிக் கோணலாக உட்காரும்.

ஆகவே அடி பிராக்கெட் நகரும் வகை வைத்திருந்தால் முறை இது. ஸ்ட்ரட்டை மேசையில் வைத்து, ஸ்பிரிங் கையால் ஆடாத நிலைக்கு வரும்வரை வளையத்தை ஏற்றுங்கள். அதற்கு மேல் கையேடு சொல்லும் சில மில்லிமீட்டர் மட்டும். வளையத்தைப் பூட்டுங்கள். அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். உயரம் முழுவதும் அடி பிராக்கெட்டில்தான். ஷாக்கின் ஓட்டம் குறையாது, அதனால்தான் இந்த வகை எனக்குப் பிடிக்கும். பிராக்கெட்டுக்குள் குறைந்தது எத்தனை மி.மீ. மரை இருக்க வேண்டும் என்று கையேட்டில் கோடு போட்டிருப்பார்கள். அதை மீறி உயர்த்தவே கூடாது.

எவ்வளவு உயரம் வைப்பது? ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். அப்படியே கட்டியிருந்தால் கவலையில்லை. தெருவில் இருப்பவை வேறு ரகம், செங்குத்தாக நிற்கும். அதனால் பழைய அளவிலிருந்து 10, 15 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். குடும்பத்தோடு ஓட்டும் வண்டி என்றால் இறக்கவே வேண்டாம்.

பின்பக்கம்

பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்து, மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம் ஸ்பிரிங்குக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் மாறும். ஆனால் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை ஷாக்கின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கைத் தாழ்த்திவிட்டு ஷாக்கை நீளமாகவே விட்டால், பீம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தைவிட்டு வந்துவிடும். ஜாக்கியை முழுக்க இறக்கித் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையக் கூடாது.

புஷ்களை எப்போது இறுக்குவது

கடைகளில் பெரும்பாலும் தவிர்க்கும் வேலை இது. லோயர் ஆர்மிலும் (முன்சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) பீமின் முன் முனையிலும் உள்ள புஷ்களில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும். அது சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். வண்டி தூக்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கேறியே நிற்கும். வண்டி கல்போல ஓடும். கொஞ்ச மாதத்தில் புஷ் கிழியும். பழி காயில்ஓவர் மேல் விழும்.

உயரத்தை மாற்றியிருந்தால் அந்த போல்ட்டுகளை ஒருமுறை இளக்கியே ஆக வேண்டும். சுவரில் எழுதிய எண்களை இப்போது எடுங்கள். ஸ்டாண்டில் வண்டி நிற்க, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்குங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை நீங்கள் வைக்கப்போகும் உயரத்தின் அளவு வந்ததும் நிறுத்தி, அங்கேயே டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பின்பக்கமும் அப்படியே. அளவு வருவதற்குள் வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்த்தால் டிக்கியிலோ பானட் பக்கமோ எடை ஏற்றுங்கள். டார்க் அளவுகளை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்ப வேண்டாம்.

சக்கரம் மாட்டி இறக்கிய உடனே உயரத்தை அளக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வண்டியை உயரத்திலேயே நிறுத்தியிருக்கும். முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டிவிட்டு அளந்தால்தான் உண்மை அளவு. பிறகு நேராக வீல் அலைன்மென்ட். முன்பக்கம் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) மாறினால் டோவும் (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும், டயர் உள்பக்கம் தேய்ந்துவிடும்.

டாம்பிங்

முழுக்கக் கடினம் வரை திருகி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நடுவிலிருந்து இன்னும் மென்மைப் பக்கம் தள்ளித் தொடங்குவது என் வழக்கம். ஷாஃப்டின் பூட்ஸை (ரப்பர் உறை) தூக்கி, ஒரு மெல்லிய கேபிள் டையை, தானாக நழுவாமல் தள்ளினால் மட்டும் நகரும்படி ஷாஃப்டில் கட்டி அடிவரை தள்ளிவையுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அங்கே டை நிற்கும். அது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடிதாங்கும் ரப்பர்) வரை போய் நசுங்கியிருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள். டாம்பிங்கைக் கூட்டி மறைக்கப் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் அதிகம் வந்த கேள்வி, மாட்டிய பிறகு முன்னால் 'டக் டக்' சத்தம். முதலில் பூட்டு வளையங்களைப் பாருங்கள். அடுத்தது லிங்க் ராடு. அதன் நட் இறுகாமல் இருந்தாலும் சத்தம் வரும், தாழ்த்திய வண்டியில் அது டிரைவ் ஷாஃப்டை உரசினாலும் வரும். ஸ்டியரிங் திருப்பும்போது 'டொய்ங்' என்று வந்தால் ஸ்பிரிங் மேல் பேரிங்கில் சரியாக உட்காரவில்லை. பில்லோ பால் மவுன்ட் (ரப்பருக்குப் பதில் இரும்புப் பந்து உள்ள மேல் மவுன்ட்) உள்ள செட்டில் சின்னச் சின்னச் சத்தம் இயல்புதான், அது போகாது.

இன்னொன்று: மழைக்காலம் முடிந்ததும் அடி பிராக்கெட் சிக்கிக்கொண்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மரையில் சேறு காய்ந்திருக்கும்போது சி-ஸ்பேனரை (வளையத்தைத் திருகும் வளைந்த ஸ்பேனர்) போட்டு அடிக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் கொண்டு கழுவிக் காயவைத்து, பிறகு திருப்புங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஹெட்லைட் மட்டத்தையும் திருத்துங்கள். முன்பக்கம் இறங்கிய அளவுக்கு வெளிச்சமும் இறங்கியிருக்கும்.