ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியிடம் பேசுவது எப்படி

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தால் பயம் போகாது, வாய்தான் மூடிக்கொள்ளும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "எதை நெனைச்சுப் பயமா இருக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் நேரம் சும்மா இருங்கள். சேலத்துத் தறிக்காரர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தால், அவர் மனதில் ஓடுவது கத்தியாக இருக்காது; "மறுபடி எப்போ தறியில உக்கார்றது?" என்பதாக இருக்கலாம். அதற்கு நாள் கணக்கில் பதில் சொல்லுங்கள். ஏற்காட்டு மலைக்கிராமத்திலிருந்து வந்தவர் என்றால், துணைக்கு வந்தவர் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பே இருவரையும் வைத்துப் பேசிவிடுங்கள்.

மரத்துப்போக முதுகில் ஊசி போடுவதாக இருந்தால், உடம்பு உணரப்போவதை வரிசையாகச் சொல்ல வேண்டும். முதுகை வளைத்து உட்காரணும். மருந்தால் துடைக்கும்போது ஜில்லென்று இருக்கும், பிறகு ஒரு சுருக். சில நிமிடத்தில் கால் சூடாகி, கனத்து, மரத்துப்போகும். தொடுவதும் இழுப்பதும் தெரியும், வலி தெரியாது. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால், ஆபரேஷன் தியேட்டரில் கை பட்டதுமே 'மருந்து ஏறலை' என்று மிரண்டுபோவார்கள். மரப்பு விலக 2 முதல் 4 மணி நேரம் ஆகலாம் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கால் விழுந்துவிட்டது என்று அழுவார்கள்.

'வெறும் வயிறு' என்று மட்டும் சொன்னால் போதாது. காப்பி பலருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. பொதுவான கணக்கு: இட்லி மாதிரி லேசான சாப்பாடு, பால் காப்பி 6 மணி நேரம் முன்பு வரை; எண்ணெய்ப் பலகாரம், கறிச்சோறு 8 மணி நேரம் முன்பு வரை; தண்ணீர், பால் விடாத வரக்காப்பி 2 மணி நேரம் முன்பு வரை. சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மயக்க மருத்துவர்தான் நேரம் சொல்லணும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

தாலி விஷயத்தைத் தியேட்டர் வாசலில் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் கழற்றச் சொன்னால் பல பெண்களுக்கு அது அபசகுனம், கை நடுங்கும். ரத்தக்கசிவை நிறுத்தும் மின்கருவியால் உலோகம் பட்ட இடம் சுட்டுவிடக்கூடும் என்று முந்தின நாளே விளக்குங்கள். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, தாலியைத் தங்கள் வீட்டார் கையில் அவர்களே கொடுக்கட்டும்.

பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். "வீட்டுல கேட்டா என்னன்னு சொல்லுவீங்கம்மா?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்ன இடத்தை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொடுங்கள்.

மறுநாள் 9 மணி ஆபரேஷன் 12 மணிக்குத் தள்ளிப்போனால், உடனே வார்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். மயக்க மருத்துவரைக் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள்.