பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் வரை கேரவனில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனிலிருந்து வடக்கே கெய்ர்ன்ஸ் வரை கடற்கரையை ஒட்டிச் செல்லும் புரூஸ் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளமுடையது. ராக்ஹாம்ப்டன் அருகே மகர ரேகையைக் கடந்ததும் வெப்பமண்டலம் தொடங்குகிறது. கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் பேருந்து போன்ற வண்டி நம்மில் பலருக்கு நினைவுக்கு வரலாம். இங்கே அச்சொல் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டைக் குறிக்கிறது. இந்த வழியில் முதன்முறை செல்பவர்களின் பெரிய தவறுகளில் இரண்டு, மாதத்தைத் தேர்வதிலும் சாமான்களை ஏற்றுவதிலும், வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே நடந்துவிடுகின்றன.

டிசம்பர், ஜனவரியில் ஆஸ்திரேலியப் பள்ளி விடுமுறை நீளமாக இருப்பதால் அப்போதே கிளம்பலாம் என்று தோன்றும். ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2011 பிப்ரவரியில் யாசி புயல் மிஷன் பீச் அருகே கரையைக் கடந்தது. 2025 பிப்ரவரி வெள்ளத்தில் இங்ஹாமுக்குத் தெற்கே ஒல்லெரா ஓடையின் பாலம் இடிந்து நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது. புயல் எச்சரிக்கை வந்தபின் கேரவனுக்குள் தங்கியிருப்பது அடைக்கலம் ஆகாது. அதன் சுவர்கள் அத்தகைய காற்றுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. சாலையில் நீர் ஓடினால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்காமல் திரும்புங்கள். மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலமே பயணத்துக்கு ஏற்றது. எனினும் அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தென்மாநிலங்களின் குளிரிலிருந்து தப்பி வருபவர்களால் கேரவன் பூங்காக்கள் நிரம்பிவிடும் என்பதால், கடலோர ஊர்களில் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.

எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உயிரைப் பறிக்கக்கூடிய தவறு இங்குதான் சத்தமின்றி நடக்கிறது. விளம்பரத்தில் "3,500 கிலோ இழுக்கும்" என்று படித்துவிட்டு அந்த அளவுக்குக் கேரவனை ஏற்றிவிடுகிறார்கள். காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கு ஜிசிஎம் என்னும் தனி வரம்பு உண்டு. அது 6,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், கேரவன் 3,500 கிலோவை எடுத்துக்கொண்டபின் காருக்கு 2,500 கிலோதான் மிஞ்சும். வெறும் கார் 2,200 கிலோ இருந்தால், குடும்பத்தாரும் பெட்டிகளும் மீதமுள்ள 300 கிலோவுக்குள் அடங்க வேண்டும். கேரவனுக்கும், சாமான்களோடு சேர்த்து அது எவ்வளவு எடை இருக்கலாம் என்று சொல்லும் ஏடிஎம் என்ற வரம்பு அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், இரண்டு தொட்டிகளில் 190 லிட்டர் நிரப்பினால் ஏற்றக்கூடிய சுமையில் கணிசமான பகுதி அங்கேயே போய்விடும். அரிசி மூட்டையும் கிரைண்டரும் அதற்குப் பிறகு வருபவை.

மொத்த எடை சரியாக இருந்தாலும் அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பது அதே அளவு முக்கியம். கேரவனின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு காரின் இணைப்புக் குமிழின் மீது அழுந்த வேண்டும் என்பது பொதுவான அளவு. கனமான பொருள்களைப் பின்கோடியில் அடுக்கினால் அந்த அழுத்தம் குறைந்து, பெரிய லாரி ஒன்று கடக்கும்போது கேரவன் பாம்புபோல ஆடத் தொடங்கும். அப்போது பதறிக் காரின் பிரேக்கை அழுத்துவதும் வேகத்தைக் கூட்டுவதும் ஆட்டத்தைப் பெரிதாக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கேரவனின் மின்பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். புறப்படும் முன் எல்லாவற்றையும் ஏற்றியபடி ஒரு பொது எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதைப் போன்ற நல்ல முதலீடு இந்தப் பயணத்தில் வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு நாளில் 600 கிலோமீட்டர் என்று திட்டமிடுவது அடுத்த தவறு. 300 கிலோமீட்டர் போதும். அந்தி மயங்கும் வேளையிலும் விடியலிலும் கங்காருக்கள் சாலையைக் கடக்கும் என்பதால், பிற்பகலிலேயே இடம் சேர்ந்துவிடுவது நல்லது. ஜூன் முதல் நவம்பர் வரை கரும்பு அறுவடை நடப்பதால், மெக்காயிலும் இன்னிஸ்ஃபெயிலிலும் கரும்பு ரயில்கள் சாலைகளைக் கடந்துகொண்டேயிருக்கும். பல கடவைகளில் தடுப்புக் கம்பி கிடையாது. மறுபுறம் உங்கள் வண்டியின் முழு நீளத்துக்கும் இடம் இருப்பதைக் கண்ட பின்னரே தண்டவாளத்தில் ஏறுங்கள்.

ஆற்றைக் கண்டால் இறங்கிக் கால் நனைப்பதும் பாத்திரம் கழுவுவதும் நமக்கு இயல்பாக வரும். கிளாட்ஸ்டன் பகுதியிலிருந்து வடக்கே அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். அங்குள்ள ஆறுகளிலும் கழிமுகங்களிலும் கடற்கரைகளிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடம் முதலை இல்லாத இடம் அல்ல. கரையிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், கூடாரமோ கேரவனோ 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அரசின் அறிவுரை. மீன் கழிவையும் மிச்சச் சோற்றையும் கரையில் கொட்டினால், உங்களுக்குப் பின் அங்கே வரும் குடும்பத்துக்கு நீங்கள் முதலையை அழைத்து வைத்தவர் ஆவீர்கள்.

கடலில் வேறோர் ஆபத்து. நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீன்களும் இருகாஞ்சி எனப்படும் மிகச் சிறிய ஜெல்லிமீன்களும் கரைக்கு வருகின்றன. கடற்கரைகளில் கட்டப்பட்ட வலை முன்னதைத் தடுக்கும். இருகாஞ்சியோ வலையின் கண்களூடே நுழைந்துவிடும் அளவு சிறியது. ஆகவே வலைக்குள்ளும் உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடை தேவை. கொட்டிவிட்டால் நல்ல தண்ணீரை ஊற்றாமல், 30 வினாடியாவது வினிகரை ஊற்றி, அவசர உதவிக்கான 000 எண்ணை அழைக்க வேண்டும். வினிகர் போத்தல் ஒன்றைச் சமையல் அலமாரியில் எட்டும் இடத்தில் வையுங்கள்.

சிறிய தவறுகளும் உண்டு. சமையல் எரிவாயு சிலிண்டரை மூடாமல் ஓட்டக்கூடாது. துணிப் பந்தலை இரவில் விரித்தபடி விட்டால் திடீர்க் காற்று பிய்த்துவிடும். கேரவனின் 15 ஆம்பியர் பிளக் வீட்டுச் சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதன் எர்த் முனையை அராவுவது தீயை அழைப்பதாகும். ஓடும் கேரவனுக்குள் குழந்தைகளைத் தூங்க வைப்பது சட்டப்படியும் குற்றம்.

கெய்ர்ன்ஸை அடைந்தபின் பலர் கேரவனோடு டெயின்ட்ரீ ஆற்றைப் படகில் கடந்து கேப் டிரிபியூலேஷன் வரை போக முயல்கிறார்கள். மழைக்காட்டினூடே மலையேறும் அந்தச் சாலை குறுகலானது, கூர்மையான வளைவுகளும் செங்குத்தான ஏற்றங்களும் கொண்டது. கேரவனைப் பூங்காவிலேயே நிறுத்திவிட்டு, காரை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.