பழைய பினாங்குக்குப் போய்வருவது எப்படி

கோலாலம்பூரில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று எல்லாம் ஆகி ஐம்பதைத் தாண்டியதும், பினாங்கில் சின்ன வயதில் ஓடித் திரிந்த தெருவை ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று மனசு அடம்பிடிக்கும். போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் வீட்டைத் தேடிப் போகாதீர்கள்.

வீடு பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகளில் நம் ஆட்கள் அத்தனை காலம் குறைந்த வாடகையில் குடியிருக்க முடிந்தது 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால்தான். 2000-இல் அந்தக் கட்டுப்பாடு போய் வாடகை ஏறியதும் குடும்பம் குடும்பமாகக் காலி செய்தார்கள். 2008-இல் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம், தாத்தா சாய்வு நாற்காலி போட்டிருந்த அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதையில், இப்போது சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அங்கே நின்று பெருமூச்சு விடவா நாலு மணி நேரம் ரயிலில் போவது?

அதனால் நேரத்தைத் தேடிப் போங்கள். பள்ளிக்குக் கிளம்பிய நேரம் எதுவோ அதே நேரத்துக்கு, விடிந்தும் விடியாமலும், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நடங்கள். மளிகைக் கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணித் தட்டைச் சாமி படத்துக்குக் காட்டிவிட்டு அப்படியே கல்லாப்பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டுவார் பாருங்கள், ஈரச் சிமெண்டு வாசமும் அந்தப் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் மறந்தே போன பெயர்கள் தானாக வரும். பத்து மணிக்குப் போனால் இது கிடைக்காது.

ரயிலில் போனால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி பிடியுங்கள். 1985-இல் பாலம் திறக்கும்வரை கார்கூட ஃபெர்ரியில்தான் போனது. இப்போது ஓடுபவை 2023-இல் வந்த புதியவை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். பழையது போல இல்லையே என்று அங்கலாய்க்காமல் தீவைப் பாருங்கள், மலை அதே இடத்தில்தான் இருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள். அக்காவோ தம்பியோ, உங்களை எதிர்த்துப் பேசுகிற ஆளாக இருக்கவேண்டும். பத்து வயது முதல் முப்பது வரை நடந்தவைதான் பின்னாளில் அதிகம் நினைவில் நிற்கும் என்று உளவியல்காரர்கள் சொல்கிறார்கள், ஆனால் நிற்பதெல்லாம் சரியாக நிற்கும் என்று இல்லை. “ஞாபகம் இருக்கா?” என்று கேட்டால் “ம்” என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “அப்பா சைக்கிளை எங்கே சாத்துவாரு, சுவத்துலயா தூண்லயா?” என்று கேளுங்கள், சண்டையே வரும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போவதற்கு முன் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைக் கொஞ்சம் மேயலாம். மலாயாச் செய்திகள் நிறைய இருக்கும், விளம்பரங்கள் அதைவிட சுவாரஸ்யம்.

சாப்பாட்டில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தே தாரே, அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, இனிப்பு ஜாஸ்தியாகத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, நமக்குத்தான் அப்போது சர்க்கரை இல்லை.

அப்புறம், தெருவைவிட ஆட்களைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் தைப்பூசத்துக்குப் போங்கள். ஊரைவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள். ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.