கொழும்பில் காட்டுயிர் பார்க்கப் பழகுவோம்: காகத்தில் தொடங்குங்கள்

"யாலவுக்குப் போனாயே, எத்தனை சிறுத்தை கண்டாய்?" என்று கேட்கிற மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். நான் கண்டது முன்னால் வரிசையாக நின்ற ஜீப்களின் பின்பக்கம்தான். அதே வாரம் வெள்ளவத்தையில் மரக்கறிப் பையோடு காலி வீதிப் பாலத்தால் நடந்து வந்தபோது, கீழே கால்வாய்க் கரையில் ஆறடி நீளக் கபரகொய்யா (உடும்புக்கு உறவான பெரிய நீர்ப் பல்லி) ஒன்று ஒரு பெரிய மீனைத் தலைப்பக்கமாக விழுங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் இல்லை, ஜீப் இல்லை. நின்று பார்த்ததும் நான் ஒருத்திதான்.

அப்படி நின்று பார்க்க ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இந்தப் பதிவு. கொழும்பும் சுற்றுப்புறமும் சதுப்பு நிலத்துக்கு நடுவே வளர்ந்தவை. 2018இல் துபாயில் நடந்த ராம்சார் (ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம்) மாநாட்டில், உலகிலேயே முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கோட்டே, தலவத்துகொட, அத்திடிய, கொலன்னாவ என்று பஸ் யன்னலால் பார்த்து "சும்மா கிடக்கிற காணி" என்று நினைக்கிறோமே, அந்தச் சேற்று வெளிகள்தான் காரணம்.

படி 1: இரண்டு காகங்களைப் பிரித்தறியுங்கள்

சிரிக்கவேண்டாம். சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிற வீட்டில் வளர்ந்தும், கொழும்பில் இரண்டு வகைக் காகம் இருப்பதை நான் முப்பது வயதுக்குப் பிறகுதான் கவனித்தேன். கழுத்தும் பிடரியும் சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக் காகம். முழுக்கக் கறுப்பு, தடித்த சொண்டு, கரகரத்த குரல் என்றால் அண்டங்காகம். நீங்கள் வைத்த சோற்றுக்கு எது முதலில் இறங்குகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்று ஒரு கிழமை பாருங்கள்.

நிறம், சொண்டு, குரல், நடத்தை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் வருகிறது. எந்தப் பறவைக்கும் இதே நான்குதான். காகத்தைப் பார்க்கத் தொடங்கினால் குயிலும் தானாக வரும். சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிக் கத்தித் தீர்க்கிற அந்தச் சிவந்த கண் கறுப்பன் ஆண். உடம்பெல்லாம் புள்ளி போட்ட மண்ணிறப் பறவை பெண். காகம் கூட்டைவிட்டு அகலும் நேரம் பார்த்து, பெண்குயில் அதில் முட்டையிட்டுவிட்டுப் போகும். மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து பார்த்தால் கூடு கண் மட்டத்தில் இருக்கும். பிளாட்டில் இருப்பவர்களுக்கு உள்ள ஒரே வசதி அதுதான் போல.

படி 2: ஓர் இடம், ஒரு நேரம்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, ஒவ்வொரு சனி ஞாயிறும் ஒவ்வோர் இடம் ஓடுவது. அப்படிப் போனால் இடங்களைத்தான் பார்ப்பீர்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை என்றால் கால்வாய்க் கரை. கொள்ளுப்பிட்டி, கொம்பனித் தெரு என்றால் பேர வாவி. கறுவாத்தோட்டப் பக்கம் என்றால் விகாரமகாதேவி பூங்கா, அல்லது தேசிய நூதனசாலை வளவின் ஆலமரங்கள். காலை ஆறேகாலுக்குப் போய் இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். கிழமைக்கு மூன்று நாள் போதும்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருக்காது. நீங்கள் வந்ததால் எல்லாம் ஒளித்திருக்கும். பத்தாவது நிமிடத்தில் நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைக்கும். கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி வந்திருக்கும். வக்கா கூனிக்குறுகி மதில் ஓரத்தில் நின்றிருக்கும், அது முதலிலிருந்தே அங்கேதான் நின்றது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு மாதம் போனால் அந்த இடத்தின் வழமை உங்களுக்குப் பிடிபடும். அதன்பிறகு புதிதாக ஒன்று வந்தால் உடனே கண்ணில் படும்.

படி 3: சாமான்கள்

ஒரு சிறிய கொப்பி, பென்சில். பேனை மழையில் கரையும்.

பைனாகுலர் முதல் மாதம் வேண்டாம். வாங்குவதென்றால் 8×42 அல்லது 8×32 என்று எழுதியதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 20 மடங்கு, 30 மடங்கு என்று கடைக்காரர் ஆசைகாட்டுவார். கை நடுக்கமும் அத்தனை மடங்காகும், பறவை ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கு அப்படி ஒன்று அலுமாரியில் தூங்குகிறது.

கால் மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். நுளம்புக்கு மட்டுமல்ல, புல்லுக்குள் கண்ணாடி விரியனும் இருக்கலாம். கால்வாயிலோ வாவியிலோ காலைத் தொங்கப்போட்டு உட்காரவேண்டாம். கொழும்பு நீர்நிலைகளில் முதலைகள் உண்டு. காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் பொல்லாதது.

படி 4: பெயரை வீட்டிலிருந்து எடுங்கள்

கடையில் கிடைக்கும் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில சிங்களத்தில். தமிழ்ப் பெயர்கள் அம்மம்மாமாரிடம் இருக்கின்றன. வீட்டு முற்றத்தில் ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சத்தம்போடும் மண்ணிறக் குருவியைக் காட்டி அம்மம்மாவிடம் கேட்டேன். "அது புலுனி. இதுகூடத் தெரியாதே?" என்றார். தமிழ்நாட்டார் அதைத் தவிட்டுக்குருவி என்பார்கள். சிங்களத்தில் தெமலிச்சா. அந்தச் சொல்லுக்குள் 'தெமள' (சிங்களத்தில் தமிழ்) ஏன் வந்தது என்று பூங்கா ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் குருவிக் கூட்டத்தைப் பார்த்தார், என்னோடு வந்திருந்த மூன்று மச்சாள்மாரைப் பார்த்தார், பதில் சொல்லாமல் சிரித்துவிட்டார்.

சிங்களப் பெயர் சிலவற்றையும் தெரிந்து வைத்திருங்கள், களத்தில் உதவும். வெண்மார்புக் கானாங்கோழிக்குக் கொரவக்கா என்று பெயர். அது கத்துவதும் ஏறக்குறைய அப்படித்தான், மறக்கவே மாட்டீர்கள்.

உடும்பையும் கபரகொய்யாவையும் குழப்பாதவர்கள் குறைவு. கபரகொய்யா கறுப்பு, மஞ்சள் வளையங்களும் புள்ளிகளும் கொண்டது, நீரை விட்டுத் தூரம் போகாது. உடும்பு மண்ணிறம், தரையில் திரிவது. சந்தேகம் வந்தால் மூக்கைப் பாருங்கள்: கபரகொய்யாவின் மூக்குத் துளை மூஞ்சி நுனியில் இருக்கும், உடும்பினது கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு கீறல் போல. இரண்டுமே சீண்டாதவரை உங்களை ஒன்றும் செய்யாது. நகரத்தின் செத்த எலியையும் அழுகிய மீனையும் தின்று துப்புரவாக்குவது கபரகொய்யாதான்.

படி 5: இப்போது வெளியே போகலாம்

ஒரு மாதம் முடிந்ததா? முதல் பயணம் கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு. சதுப்பின் மேலே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், கோபுரம் ஒன்றும் உண்டு. நீலத் தாழைக்கோழி சிவந்த நெற்றியோடு நாணலைப் பிடுங்கித் தின்னும். நத்தை குத்தி நாரையின் சொண்டு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். அந்தச் சொண்டால்தான் அது நத்தையை ஓட்டிலிருந்து எடுக்கிறது. காலையில் பூங்கா திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு வெயிலில் நீங்களும் பறவையும் நிழல்தான் தேடுவீர்கள்.

இரண்டாவது தலங்கம வாவி. அங்கே இலைக்கோழி தன் நீண்ட விரல்களால் தாமரை இலைமேல் நடக்கும். கரையோர மரங்களில் ஊதாமுக மந்திகள் இருக்கும். இலங்கைக்கே உரிய குரங்கு இது. கொழும்புப் பக்கத்தில் வாழும் மேற்குப் பிரிவு அழிவின் விளிம்பில் இருக்கிறது. தரையில் இறங்கிப் பழகாத பிராணி, மரம் வெட்டிய இடத்தில் மின்கம்பியைப் பிடித்துக் கடக்கப்போய்ச் சாகிறது. பலா மரம் நிற்கிற வளவுகள்தான் இன்று அதற்குக் காடு.

பாராளுமன்ற வீதியில் விளக்குக் கம்பத்தின் உச்சியில் கூழைக்கடா உட்கார்ந்திருப்பதை எல்லாரும் படம் எடுப்பார்கள். ஒரு புத்திமதி: அந்தப் பக்கத்தில் பைனாகுலரைக் கட்டடங்கள் பக்கம் திருப்பாதீர்கள். என்னை ஒருமுறை காவலர் ஒருவர் மறித்து அடையாள அட்டை கேட்டார். கொப்பியைத் திறந்து, நான் கீறிய கோணல்மாணல் கூழைக்கடாவைக் காட்டினேன். அவர் தன் ஊர்க் குளத்துக் கொக்குகளைப் பற்றிக் கால் மணி நேரம் கதைத்துவிட்டுப் போனார். கொப்பியும் அடையாள அட்டையும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

படி 6: எழுதி வையுங்கள்

திகதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. இந்த ஐந்தும் போதும். வீட்டுக்கு வந்து, பறவைக் குறிப்புகளைப் பதியும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள். கண்டதையெல்லாம் போடவேண்டும், காகத்தையும் சேர்த்து. அபூர்வமானதை மட்டும் பதிந்தால், சாதாரணமானது குறைந்துபோவது யாருக்கும் தெரியவராது. வண்ணத்துப்பூச்சி, தவளை, பாம்புக்கெல்லாம் ஐநேச்சுரலிஸ்ட். படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மெர்லின் என்ற செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் ஓட்டோ ஹோர்னுக்கு நடுவே அது தடுமாறும். கண்ணால் காணாததை அது சொன்னது என்பதற்காக எழுதவேண்டாம்.

தனியாகப் பழக அலுத்தால், 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் இளம் விலங்கியலாளர் சங்கம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்ல இடம்.

படி 7: சொல்லக்கூடாததைச் சொல்லாதீர்கள்

இந்த நகரத்தின் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு, ஓரளவு தோலால் இணைந்த விரல்கள், தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். இரவில் உலாவுவதால் கண்டவர் மிகச் சிலர். எனக்குக் கிடைத்தது சேற்றில் ஒரு காலடி மட்டும், அதுவும் நாயினதா என்று அரைமணி நேரம் தர்க்கித்த பிறகு. நீங்கள் கண்டால் மகிழுங்கள், இடத்தை முகநூலில் போடாதீர்கள். ஆந்தைக் கூடும் அப்படித்தான். அடுத்த நாளே ஐம்பது கெமரா வந்து நிற்கும். ஐநேச்சுரலிஸ்ட் அருகிவரும் உயிர்களின் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துவிடும், ஆகவே அங்கே பதியலாம்.

போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கவும் வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று அது வேலையை விட்டுவிட்டு உங்கள் போனோடு சண்டைக்கு நிற்கும்.

படி 8: பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம். பட்டியல் சொல்லிக் கொடுக்காமல் வேலை கொடுங்கள்: முக்குளிப்பான் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தியில் விகாரமகாதேவி பூங்காவிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கிளம்புவதை எண்ணச் சொன்னால் நூறைத் தாண்டியதும் கத்தத் தொடங்குவார்கள்.

வெளியே போக முடியாத வீட்டில் ஒரு சாடியில் கறிவேப்பிலையும் ஒரு சாடியில் தேசியும் வையுங்கள். சில மாதத்தில் பறவை எச்சம் போல ஒரு புழு இலைமேல் இருக்கும். மருந்து அடிக்காதீர்கள். அது பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, ஒரு நாள் காலை வண்ணத்துப்பூச்சியாகக் கம்பியில் செட்டை உலர்த்தும். ரசத்துக்கு இலை குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் வந்தால்

செப்டெம்பர், ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரும். நீலவால் பஞ்சுருட்டான்கள் கம்பிகளில் வரிசைகட்டும். ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து சேரும்போது களைத்துப்போய் இருக்கும். பச்சை முதுகு, மஞ்சட்பழுப்பு வயிறு, கண்ணில் கறுப்புப் பட்டி, குட்டை வால். பிளாட் கண்ணாடியில் மோதி பல்கனியில் விழுந்து கிடந்தால், துவாயால் மெதுவாகத் தூக்கி, துளையிட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, மரம் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய் மூடியை எடுங்கள். பறக்காமல் செட்டை தொங்கினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பறந்துபோனால் அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு, பக்கத்து வளவு மாமரத்தடியில் அதன் இரட்டை விசில் கேட்கிறதா என்று யன்னலைத் திறந்து வையுங்கள்.