ரன்-ஃபிளாட் டயர்: விலை குறைவாக, ஆனால் கவனமாக

ரன்-ஃபிளாட் டயரின் பலம் அதன் தடித்த பக்கச்சுவரில் இருக்கிறது. காற்று முழுவதும் போனாலும் அந்தச் சுவரே காரைத் தாங்கும். பெரும்பாலானவை அப்படிக் காற்றில்லாமலே மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. தூரம் ஓடும்.

பணம் மிச்சமாகும் என்று பழைய ரன்-ஃபிளாட் டயரை மட்டும் வாங்காதீர்கள். காற்றில்லாமல் ஒருமுறை ஓடிய டயரின் உட்புறம் சிதைந்திருக்கலாம். வெளியே பார்த்தால் புதிதுபோலத் தெரியும். இதில் ஏமாறுவது உயிரோடு விளையாடுவது.

செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. ஒரே அளவில் இரண்டு மூன்று நிறுவனங்களின் விலையை ஒப்பிடுங்கள். டயர் மாற்றும் கூலி, சக்கரச் சமநிலைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் சில இடங்களில் கூலி கூடுதலாகக் கேட்பார்கள். நான்கும் ஒன்றாக மாற்ற முடியாவிட்டால், ஒரே அச்சில் (முன்பக்கமோ பின்பக்கமோ) உள்ள இரண்டையும் ஒரே வகையில் மாற்றுங்கள். சாதாரண டயரோடு கலக்க வேண்டாம்.

அளவு, சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடை), வேகக் குறியீடு (டயர் தாங்கும் அதிகபட்ச வேகம்) மூன்றும் காரின் கையேட்டோடு பொருந்த வேண்டும். பக்கச்சுவரில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி காரில் இல்லையென்றால் இந்த டயரே வேண்டாம். காற்று போனதே உங்களுக்குத் தெரியாது.